படம் மட்டும் போதும் என்றவர்

நூலகத்துக்கு முகநூல் பக்கம் ஒன்று தொடங்க வேண்டும் என்று சொன்னது மிஸ்தான். மிஸ் என்றால் எங்கள் நூலகர். நான் அங்கே நாள் சம்பளத்துக்கு நிற்கிற அமைய ஊழியன். புத்தகம் அடுக்குவேன், கூட்டுவேன், பழைய பேப்பர்களைக் கட்டி வைப்பேன். கிளிநொச்சியில் தர்மபுரத்தைத் தாண்டி உள்வீதியால் போக, இரண்டு பக்கமும் வயலாக வருகிற ஒரு ஊர். பிரதேச சபைக்குச் சொந்தமான நீள மண்டபம், பின்பக்கம் பழைய பேப்பருக்கு ஒரு சின்ன அறை. பின்னேரம் நாலு பேர் வந்தால் எங்களுக்கு அது கூட்டம்.

"சனம் இஞ்ச வராது தம்பி. சனம் முழுக்க போனுக்கதான் இருக்குது. நாங்கள்தான் போனுக்க போகவேணும்" என்றா மிஸ். ஆள் வராத இடத்துக்கு ஏன் கரண்ட் என்று சபைக் கூட்டத்தில் யாரோ கேட்டுவிட்டார்கள். மிஸ்ஸுக்கு அது உறைத்துவிட்டது.

பக்கத்தைத் தொடங்கி நடத்தியது நான். எங்கள் வீட்டில் உயர்தரம் வரை படித்த முதல் ஆள் நான். அப்பாவுக்குக் கையெழுத்து மட்டும் வரும், அதுவும் பேனையை மண்வெட்டி மாதிரிப் பிடித்துத்தான் போடுவார். முகநூல் வேலையைப் பற்றிச் சொன்னபோது ஒரு கேள்வி கேட்டார்.

"அதில என்ன செய்யிறனி?"

"புத்தகம் வந்திருக்கெண்டு சனத்துக்குச் சொல்லுறன் அப்பா."

"சொல்லுறதுக்கும் ஒரு ஆள் வைச்சிருக்கிறாங்கள். நல்லது, வெயிலுக்க நிக்காத வேலை."

முதலில் புத்தக அட்டைகளைப் படம் எடுத்துப் போட்டேன். ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. பிறகு, வாசிக்கிற ஆட்களை எடுத்துப் போட்டேன். அது ஓடத் தொடங்கியது. பார்த்தவர்களில் அரைவாசிப் பேருக்கு மேல் வெளிநாட்டில் இருக்கிற எங்கள் சனம். இந்தச் சுவரில் முந்தி ஒரு மணிக்கூடு இருந்ததே, அது எங்கே என்று ஒருவர் கேட்பார். கனடாவிலிருந்து ஒரு அம்மா ஒவ்வொரு படத்துக்கும் கும்பிடுகிற கை போடுவா. தினமும் பேப்பர் பார்க்க வருகிற ஐயா ஒருவர், தன்னுடைய படத்தை என் போனில் பார்த்துவிட்டுச் சொன்னார்: "என்ர மொட்டை எனக்கு முதல் விசா எடுத்துப் போயிட்டுது பாத்தியோ."

அந்த நாட்களில் வந்துகொண்டிருந்தவர்களில் ஒரு அக்காவும் இருந்தா. யன்னலோரக் கதிரையில், வாசலுக்கு முதுகைக் காட்டி இருப்பா. நான் முதல் முறை போனைத் தூக்கியபோதே எழுந்து வந்தா.

"தம்பி, என்ர முகம் வராமல் எடுங்கோ. வீட்டில நான் தையல் வகுப்புக்குப் போறன் எண்டுதான் தெரியும்."

அரச வேலைக்கான முகாமைத்துவ உதவியாளர் போட்டிப் பரீட்சைக்கு அவா படித்துக்கொண்டிருந்தா. வயது எல்லைக்கு அது கடைசித் தடவை. இனி ஒரு முறை கேட்டாலும் எழுத விடமாட்டார்கள். கணவர் வெளிநாட்டில். இவா மாமியாரோடு இருந்தா. "அவருக்கு நான் வேலைக்குப் போறது பிடிக்காது. நான் அனுப்புறன், நீர் இரும் எண்டுவார். பாஸ் பண்ணினாப் பிறகு சொல்லுவம், அப்ப ஓம் எண்டத்தானே வேணும்." சிரித்துக்கொண்டுதான் சொன்னா. நானும் அதே பரீட்சைக்கு விண்ணப்பிக்க இருந்தவன். இரண்டு பேரும் ஒன்றாகவே விண்ணப்பித்தோம். அனுமதி அட்டை வர அவா நூலகத்தின் முகவரியையே கொடுத்தா. நுண்ணறிவுக் கணக்கில் அவா என்னைவிடக் கெட்டி. மொழித்திறனில் நான் கொஞ்சம் பரவாயில்லை. பழைய வினாத்தாள்களை மாற்றி மாற்றிச் செய்தோம். அவா சொன்னபடி முகம் வராமல், முதுகும் கதிரையும் கைப்பையும் மட்டும் படும்படி படங்களை எடுத்தேன்.

வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கலுக்கு முந்திய கிழமை பக்கத்தின் இன்பொக்ஸுக்கு ஒரு செய்தி வந்தது. சொந்தப் பேர் இல்லை, ஊர்ப்பற்றுக் காட்டுகிற ஒரு பேர். முகத்துக்குப் பதில் அம்மன் கோயில் கோபுரம்.

"வணக்கம். எங்கட பிள்ளைகள் உடைஞ்ச கதிரையில இருந்து படிக்கிறதைப் பார்க்க மனம் கேக்குதில்லை. கதிரை நான் தாறன். என்ர பேர் போட வேண்டாம். படம் மட்டும் போதும்."

மிஸ் அதை இரண்டு தரம் வாசித்தா. "பேர் வேண்டாம் எண்டுற மனுசனை இந்தக் காலத்தில எங்க தேடிப் பிடிக்கிறது."

எங்கள் ஊர்ப் பக்கத்தில் இது ஒரு வழக்கம். வெளியிலிருந்து எது வந்தாலும் படம் எடுத்து அனுப்ப வேண்டும். கிணறு கட்டித் தந்தால் கிணற்றோடு நின்று படம். கோழிக்குஞ்சு தந்தால் குஞ்சை ஏந்திக்கொண்டு படம். நானும் அப்படி ஒரு படத்தில் இருக்கிறேன், புதுச் சப்பாத்துப் பெட்டியை நெஞ்சுக்கு நேரே பிடித்தபடி. தந்தவர் எங்களைப் பார்ப்பதில் என்ன இருக்கிறது என்று ஒருநாளும் யோசித்ததில்லை. பார்ப்பதற்குத்தானே தருகிறார்கள்.

கதிரைகள் கிளிநொச்சிக் கடையொன்றிலிருந்து லொறியில் வந்து இறங்கின. நீல மெத்தை போட்டவை. அக்கா ஒன்றில் இருந்து பார்த்தா. "ஆரோ ஒரு நல்ல மனுசன்" என்றா.

அன்றிலிருந்து ஒவ்வொரு பின்னேரமும் அம்மன் கோபுரம் கேட்கும்: "இண்டைக்குப் படம்?" கதிரைகள் பயன்படுகின்றனவா என்று பார்க்கத்தான். நானும் அனுப்புவேன். பிறகு கேள்விகள் வரத் தொடங்கின.

"யன்னலோட இருக்கிற கதிரையில வெயில் படுது போல. அதில இருக்கிறவவுக்குக் கஷ்டமா இருக்குமே."

இன்னொரு நாள்: "அவாவுக்கு முன்னால இருக்கிற கோடு போட்ட சேட்டுக்காரர் ஆர்?"

அந்தச் சேட்டு என்னுடையது. அன்று மிஸ்தான் படம் எடுத்தா. அது நான்தான், நூலக உதவியாளன் என்று எழுதினேன்.

"நல்லது தம்பி. நீரும் படிக்கிறீரோ?"

"ஓம் அண்ணை."

"அவாவும் உந்தச் சோதினைக்குத்தானோ?"

போனை மேசையில் வைத்துவிட்டேன். அக்கா யன்னலோரம் குனிந்து எதையோ கூட்டிக் கழித்துக்கொண்டிருந்தா. 'எனக்குத் தெரியாது அண்ணை' என்று எழுதினேன். மிஸ்ஸிடம் காட்டினபோது அவா பெரிதாக எடுக்கவில்லை. "தந்த மனுசன் கேக்கிறார். வெளியில இருக்கிறதுகளுக்கு ஊர் விடுப்பு, ஊர்ப் புதினம் எண்டா உயிர்தானே."

அதற்குப் பிறகு யன்னல் பக்கம் எடுப்பதை விட்டேன். மற்றப் பக்கத்தையும் புத்தக அலுமாரியையும் எடுத்து அனுப்பினேன். நாலாம் நாள் கேள்வி வந்தது. "யன்னல் பக்கம் ஏன் இப்ப வாறேல்லை?" நான் பதில் எழுதுவதற்குள் அடுத்ததும் வந்தது. "உமக்கு ஏன் வீண் கரைச்சல் தம்பி. நான் ஒரு கமரா பூட்டித் தாறன். இங்கயிருந்தே பார்த்துக்கொள்ளுவன். இணைப்புக் காசும் என்ர பொறுப்பு."

மிஸ் சபையில் சொன்னா. சபைக்குச் சந்தோசம். இந்தப் பக்கத்தில் கமரா பூட்டிய நூலகம் வேறு இல்லை என்று பேசிக்கொண்டார்கள்.

கமரா பூட்ட ஒரு பெடியன் மோட்டார் சைக்கிளில் வந்தான். நான் ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். மேலே நின்று ஆணி அடித்துக்கொண்டிருந்தவன் வாசலைப் பார்த்து நிறுத்தினான். அக்கா உள்ளே வந்துகொண்டிருந்தா.

"என்ன அண்ணி" என்றான் ஏணியில் நின்றபடி, "தையல் முடிஞ்சுதோ?"

அக்கா அப்படியே நின்றா. பிறகு "ஓம்" என்றா. திரும்பிப் போய்விட்டா.

நான் ஏணியை விட்டுவிட்டு வெளியே ஓடினேன். சைக்கிள் விடுகிற இடத்தில் நின்றா. பூட்டைத் திறக்கச் சாவி துவாரத்தில் ஏறவில்லை.

"அது அவற்ர தம்பி" என்றா.

நீலக் கதிரையும் கோபுரப் படமும் பின்னேரக் கேள்விகளும் எனக்குள் ஒன்றாகின. இத்தனை நாளும் நான் படம் அனுப்பிக்கொண்டிருந்தது அவாவுடைய கணவருக்கு. முகம் வராவிட்டாலும் அந்தக் கைப்பையை அவர் அறிவார்தானே என்று, அவர் கேட்டதெல்லாவற்றையும் அவாவிடம் சொன்னேன்.

"ஒருநாளும் கேக்கேல்லை தம்பி" என்றா அக்கா. "போன் எடுத்தால், தையல் எப்பிடிப் போகுது எண்டு கேப்பார். இண்டைக்கு என்ன தைச்சனீர் எண்டு கேப்பார். நான் பாவாடை எண்டுவன், ஒருநாள் சட்டை எண்டுவன். எல்லாத்தையும் கேட்டிட்டு, 'கையைக் கவனமா பாரும், ஊசி குத்தும்' எண்டு சொல்லி வைப்பார். எனக்கு அது பாசமாத்தான் பட்டது."

"சொல்லிப்போடுங்கோ அக்கா. தெரிஞ்சுபோச்சுத்தானே."

"நான் சொன்னால் அவர் நில் எண்டுவார், நான் நிக்கவேணும். அவர் கேக்காத மட்டும் நான் சொல்லத் தேவையில்லை. சோதினை முடியுமட்டும் இப்பிடியே போகட்டும்." சாவி இப்போது ஏறியது. "நீங்களும் ஒண்டும் தெரியாத மாதிரி இருங்கோ."

ஆனாலும் மிஸ்ஸிடம் சொன்னேன். அவா நிமிர்ந்து பார்த்தா. மேலே கமராவின் சின்னப் பச்சை வெளிச்சம். அதற்குக் காதும் இருக்குமோ என்று நினைத்தா போல, என்னை வெளியே கூட்டிக்கொண்டு போனா. "புருசன் பெண்சாதி விசயத்துக்க நாங்கள் போகேலாது தம்பி. சபையே நன்றி சொல்லிக் கடிதம் குடுத்திட்டுது. கதிரையளை என்னெண்டு திருப்பிக் குடுக்கிறது?" பிறகு, "பேப்பர் அறைக்குள்ள கமரா இல்லைத்தானே" என்றா. அவ்வளவுதான் அவாவால் முடிந்தது.

பேப்பர் அறைக்குப் பின்வாசல் ஒன்று இருந்தது. நாலைந்து நாள் அக்கா வரவில்லை. பிறகு சைக்கிளை வேறு வீட்டில் விட்டுவிட்டு, வாய்க்கால் வரம்பால் நடந்து பின்வாசலால் வந்தா. பேப்பர்க் கட்டுகளுக்கு நடுவே ஒரு பழைய உடைந்த கதிரையைப் போட்டேன். மேற்கிலிருந்து கச்சான் காற்று அடிக்கிற காலம். தூசியும் புழுக்கமும் சேர்ந்து மூச்சு முட்டும். தும்மல் வந்தால் சால்வையை வாயில் அடைத்துக்கொள்வா. ஒரு சின்ன மின்விசிறியைக் கொண்டுபோய் வைத்தேன்.

கோபுரம் கேட்டது: "இப்ப அவா வாறேல்லையோ?"

நூலகத்தின் பேரில், நூலகத்தின் இலச்சினையோடு பதில் எழுதினேன். "இல்லை அண்ணை, வாறதில்லை." சுவருக்கு அந்தப் பக்கம் அவா தாள் புரட்டுகிற சத்தம் எனக்குக் கேட்டது.

அடுத்த கிழமை அந்தத் தம்பிக்காரன் வந்து அங்கத்துவம் எடுத்தான். பேப்பரை மடியில் வைத்துக்கொண்டு போனைப் பார்த்தபடி இருப்பான். ஒருநாள் எழும்பி வந்து என் மேசையில் சாய்ந்தான்.

"அந்த அறைக்க என்ன?"

"பழைய பேப்பர்."

"பழைய பேப்பருக்கு ஃபானோ?"

"ஈரம் பிடிக்காமல் இருக்க."

"ஓ." அவன் அந்தக் கதவைப் பார்த்துக்கொண்டு நின்றான். "எங்கட ஊர்ப் பேப்பருக்கும் வேர்க்குது." சிரித்துவிட்டுப் போனான். கதவைத் திறந்து பார்க்கவில்லை. திறந்திருந்தால்கூட எனக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும்.

மழை தொடங்கிய காலத்தில் செய்தி வந்தது. கதிரை தந்த அவரே ஊருக்கு வருகிறார். வாசிப்பு மாத விழாவுக்குப் பிரதம விருந்தினராகக் கூப்பிடலாம் என்று சபை முடிவெடுத்தது. அழைப்பிதழைப் பக்கத்தில் போட வேண்டியவன் நான். போட்டேன். கும்பிடுகிற கைகள் குவிந்தன. எங்கள் பரீட்சை, விழாவுக்கு அடுத்த ஞாயிறு.

நான் ஒரு முரட்டு ஆளை எதிர்பார்த்திருந்தேன். வந்தவர் மெலிந்தவர், மெல்லப் பேசுகிறவர். மாலையைப் போட்ட கையோடு கழற்றி மேசையில் வைத்தார். அக்கா முன்வரிசையில் மாமியாருக்குப் பக்கத்தில், பட்டுச் சேலையில் இருந்தா. கைகள் மடியில். அவர் பேசினார். "எங்கட பெண் பிள்ளைகள் படிக்கவேணும். அதுக்காகத்தான் நான் இதைச் செய்யிறன்." சனம் கைதட்டியது. அக்காவும் தட்டினா.

பிறகு தேநீர் குடிக்கும்போது என்னைத் தேடி வந்தார்.

"தம்பிதானே பக்கத்துக்குப் பொறுப்பு?"

"ஓம் அண்ணை."

"வடிவா எழுதுறீர். குறையே இல்லை." பிளேன்ரீயை ஒரு வாய் குடித்தார். "பேப்பருக்கு இப்ப ஈரம் விட்டிட்டுதோ?"

அவர் என் தோளில் தட்டினார், மிகவும் மெதுவாக. "இண்டையான் படங்களைப் போடும். இனி என்ர முகம் தெரிஞ்சாலும் பறவாயில்லை."

அந்தக் கிழமை முழுக்க அக்கா வரவில்லை. முந்தியே வந்துவிட்ட அவாவுடைய அனுமதி அட்டையை நான் கையில் கொடுத்திருந்தேன், அது மட்டும் ஆறுதல். ஞாயிறு காலை முதல் பஸ்ஸில் கிளிநொச்சிக்குப் போனேன். பரீட்சை ஒரு பள்ளிக்கூடத்தில். இரவு பெய்த மழையில் வளவு முழுக்கச் சேறு. வாசலைப் பார்த்தபடி நின்றேன். வரமாட்டா என்றே நினைத்தேன்.

ஒரு வாடகை வான் வந்து நின்றது. அவர் முதலில் இறங்கி, குடையை விரித்துப் பிடித்தார். அக்கா இறங்கினா.

வரிசையில் எனக்குப் பின்னால் வந்து நின்றபோது, உதடு அசையாமல் பேசினா. "ராத்திரி, 'நாளைக்கு எத்தினை மணிக்கு வெளிக்கிடவேணும்' எண்டு கேட்டார். அவ்வளவுதான்."

"கோவமோ?"

"தெரியேல்லை. தெரியாததுதான் பயமாக் கிடக்கு."

எங்கள் பரீட்சைச் சுட்டெண்கள் அடுத்தடுத்து. அவா எனக்குப் பின் மேசை. முதல் தாள் முடிந்து இடைவேளை விட்டார்கள். எல்லோரும் வெளியே போனார்கள். அக்கா எழும்பவில்லை.

"வாறியளோ அக்கா, தண்ணி குடிக்க?"

"வெளியில போனால் திரும்பி வருவன் எண்டு எனக்கு நம்பிக்கை இல்லை. நீங்கள் போங்கோ."

வாசலில் அவர் நின்றார். கையில் சாப்பாட்டுப் பார்சல். வானின் கதவு திறந்தபடி கிடந்தது.

"அவாவைக் கூட்டிக்கொண்டு வாரும் தம்பி. காலமை தலையிடி எண்டவா. ஒரு தாள் எழுதினது காணும், பாவம். வீட்ட கூட்டிக்கொண்டு போறன்."

"மண்டபத்தை விட்டு வெளியில விடுறாங்கள் இல்லை அண்ணை."

சொல்லிவிட்டேன். எங்களைச் சுற்றி வாசல் முழுக்கப் பரீட்சைக்காரர்கள், பணிஸும் சோடாவுமாக நின்றார்கள். அவர் அவர்களை ஒவ்வொருவராகப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"அப்பிடியோ. உம்மை மட்டும் விட்டிருக்கிறாங்கள்."

பார்சலை என் கையில் வைத்தார். சூடு போகவில்லை. "அப்ப இதையாவது குடும்."

கொண்டுபோய்க் கொடுத்தேன். அக்கா அதை அவிழ்க்கவில்லை. மேசைக்குக் கீழே, காலுக்குப் பக்கத்தில் வைத்தா. மணி அடித்தது. இரண்டாம் தாளில் பாதி நேரம் எனக்கு எதுவும் ஓடவில்லை. பின்னால் அவாவுடைய பேனைச் சத்தம் நிற்காமல் கேட்டுக்கொண்டிருந்தது. அது நிற்காத மட்டும் நானும் எழுதினேன்.

முடிந்ததும் எல்லோரும் எழும்பிப் போனார்கள். அக்கா பேனைகளை ஒவ்வொன்றாக மூடினா. "எல்லாத்துக்கும் விடை போட்டனான்" என்றா. "தொடர் கணக்கு ரெண்டுதான் சந்தேகம்." பிறகு, "நீங்கள் முதல் போங்கோ. சேர்ந்து போகக் கூடாது."

நான் மதிலோரம் நின்று பார்த்தேன். அவர் எதுவும் கேட்கவில்லை. வானின் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். அவா ஏறினா. அவிழ்க்காத பார்சல் அவாவுடைய கையில் இருந்தது. அவர் அதை வாங்கிப் பார்த்தார், கையில் நிறுத்துப் பார்க்கிறவர் போல. கதவு சாத்தப்பட்டது.

முடிவுகள் இணையத்தில் வந்தன. இரண்டு பேரும் தேறியிருந்தோம். அப்பா என்னுடைய எண்ணைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "இதில எது நீ?" என்று கேட்டார். மிஸ் பக்கத்தில் வாழ்த்துப் போடச் சொன்னா. நான் மாட்டேன் என்றேன். அவா காரணம் கேட்கவில்லை.

அந்த வானுக்குப் பிறகு அக்காவை நான் காணவில்லை. மாமியார் வீட்டுப் படலை எப்போதும் உள்ளால் பூட்டியிருக்கிறது. கணவர் வெளிநாட்டுக்குத் திரும்பிப் போவதாக இருந்த நாளும் போய்விட்டது. இன்பொக்ஸில் அவரிடமிருந்து எந்தக் கேள்வியும் வருவதில்லை. ஆனால் காலையில், தபால்காரர் வருகிற நேரம் பார்த்து நூலகத்துக்கு வருகிறார். வாசலோடு இருக்கிற நீலக் கதிரையில் இருந்து பேப்பர் பார்க்கிறார். "எப்ப தம்பி நேர்முகத் தேர்வு?" என்று என்னிடம் அன்பாகக் கேட்கிறார். நேர்முகத் தேர்வுக்கான கடிதம் அக்கா விண்ணப்பத்தில் கொடுத்த நூலக முகவரிக்குத்தான் வரும் என்பதை என்னைவிட நன்றாக அவர் அறிவார்.

அதனால் நான் இப்போது வேலைக்கு நேரே போவதில்லை. விடியற்காலை வெள்ளாப்பில் சைக்கிளை எடுத்துத் தபாற்கந்தோருக்குப் போகிறேன். நூலகத் தபாலை இங்கேயே தந்துவிடுங்கள், மழையில் நனைகிறது என்று சொல்லி வைத்திருக்கிறேன். தபால்காரர் கட்டைப் பிரித்துத் தேடும்போது வீதியைப் பார்த்துக்கொண்டு நிற்பேன். கடிதம் வந்தால், அந்தப் படலையைத் தாண்டி அதை எப்படி அக்காவின் கையில் சேர்ப்பது என்று இன்னும் எனக்குத் தெரியவில்லை. இன்று காலையும் போனேன். தர்மபுரப் பக்கமிருந்து கமரா பூட்டிய தம்பிக்காரனுடையதைப் போல ஒரு மோட்டார் சைக்கிள் மெதுவாக வந்து, தபாற்கந்தோருக்கு எதிரே நின்றது. ஓட்டி வந்தவன் ஹெல்மெட்டைக் கழற்றவில்லை.